அலுமாரிக்கு மேல் கிடக்கிற கசெட்டில் வெட்டுப்படாத படம் இருக்கலாம், எறிந்துவிடாதீர்கள்

பழைய படங்களில் பற்றுள்ள ஆட்களோடு யாழ்ப்பாணத்தில் எங்கே இருந்து கதைத்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்தக் குறை வந்துவிடும்: "நாங்கள் வின்சர் தியேட்டரில பார்த்த படம் இது இல்லை." டிவியில் போடுவது வெட்டின பிரதி. இணையத்தில் கிடப்பது அதிலிருந்து எடுத்த இன்னொரு பிரதி. முகங்கள் மெழுகு பூசினமாதிரி இருக்கும், பாட்டுக்குப் புது மேளம் சேர்த்திருப்பார்கள், ஆடுகிறவரின் கால் திரைக்கு வெளியே போயிருக்கும். இதையே திரும்பத் திரும்பப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு இதுதான் அந்தப் படம் என்று ஆகிவிடும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

மூலப் பிரதி திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பது வீண் ஆசை இல்லை. 1975இல் வந்த ஷோலே என்ற ஹிந்திப் படத்தின் முடிவைத் தணிக்கைக்காக மாற்றினார்கள். தாக்கூர், வில்லன் கப்பர் சிங்கைக் கொல்வதாக எடுத்த காட்சியை விட்டுவிட்டு, பொலிஸ் வந்து பிடிப்பதாகத் திரும்ப எடுத்தார்கள். தியேட்டர்களில் உலகம் பார்த்தது அதைத்தான். பிரிட்டனில் ஒரு களஞ்சியத்தில் கிடந்த பிலிம் சுருள்கள் அகப்பட்டதால், மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் பழைய முடிவோடு படத்தை மீட்டு, 2025 ஜூனில் இத்தாலியின் பொலோனியாவில் போட்டுக் காட்டியது. ஸ்டார் வார்ஸ் கதை வேறு மாதிரி. 1997இல் ஜார்ஜ் லூகாஸ் தன் படத்தையே மாற்றி வெளியிட்டபோது, பழையது வேண்டும் என்று நின்ற ரசிகர்கள் 1977ஆம் ஆண்டுத் தியேட்டர் பிரதிகளைத் தேடி எடுத்து ஸ்கேன் பண்ணி, 4கே77 என்ற பெயரில் தாங்களே மீட்டார்கள். இரண்டிலும் ஒரு விஷயம் ஒன்றுதான்: எங்கோ யாரோ ஒரு பழைய பிரதியை எறியாமல் வைத்திருந்தார்கள்.

எங்களுக்கு இது இன்னும் அவசரமான வேலை. 1983 கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு இன்றைக்கு நல்ல பிரதி ஒன்றைக் கண்ணால் காண்பதே கஷ்டம். குத்துவிளக்கு (1972), தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில் வந்து எடுத்த பொன்மணி (1977), வாடைக்காற்று (1978) என்று பெயர்களை எல்லோரும் சொல்வார்கள், முழுதாகப் பார்த்த இளம் ஆட்களை எண்ணிப் பாருங்கள். அதனால் உங்கள் வீட்டில் ஒரு வீடியோ கசெட்டோ பிலிம் றீலோ கிடந்தால் அதை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்று எழுதுகிறேன். நான் நிபுணன் இல்லை. ஆறு வருடமாக உறவுக்காரர் வீடுகளில் கசெட் பெட்டிகளைக் கிளறி, சிலதைக் காப்பாற்றி, ஒன்றைப் பாழாக்கி, அதில் படித்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில், எது முழுப் படம் என்று தெரிய வேண்டும்

கையில் இருக்கிற பிரதி வெட்டுப்பட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? இந்தியப் படம் என்றால் பதில் படத்தின் முதல் சில விநாடிகளிலேயே இருக்கலாம். தணிக்கைச் சான்றிதழைக் காட்டுவார்கள் அல்லவா, நாங்கள் எல்லோரும் வேகமாக ஓட்டிவிடுகிற அந்தக் காகிதம், அதில் படத்தின் நீளமும் றீல் எண்ணிக்கையும் எழுதியிருக்கும். அந்த இடத்தில் நிறுத்தி, கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 35 எம்எம் பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், ஒரு விநாடிக்கு 24 பிரேம், ஆகவே ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். சான்றிதழில் அடிக்கணக்கு இருந்தால் 90ஆல் பிரியுங்கள், மீற்றர் என்றால் 27.43ஆல் பிரியுங்கள். 4,389 மீற்றர் என்று இருந்தால் படம் 160 நிமிடம். உங்களிடம் இருக்கிற டிவிடி 141 நிமிடத்தில் முடிந்தால் எங்கோ ஒரு துண்டு போயிருக்கிறது.

ஆனால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள், இதில் ஒரு பொறி இருக்கிறது. இலங்கையில் எங்களுடைய டிவியும் கசெட் ஓட்டுகிற டெக்கும் பிஏஎல் முறை, விநாடிக்கு 25 பிரேம். 24 பிரேமில் எடுத்த படத்தை அதில் ஏற்றும்போது பெரும்பாலும் அப்படியே 25ஆக ஓடவிடுவார்கள். படம் நாலு வீதம் வேகமாக ஓடும். 160 நிமிடப் படம் ஒரு காட்சியும் வெட்டாமலே 153 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். அதோடு குரலும் பாட்டும் சுருதியில் கொஞ்சம் மேலே ஏறிவிடும். நான் முதல் தடவை ஒரு கசெட்டைப் போட்டுக் காட்டியபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "பாட்டு ஒரு பிடி ஏறி நிக்குது, அவருடைய குரல் இவ்வளவு மெல்லிசு இல்லை" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை. றேடியோவில் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, சரியாகத்தான் பிடித்திருந்தது. கனடாவில் இருந்து வந்த கசெட் என்றால் அது என்டிஎஸ்சி முறையாக இருக்கலாம், நேராக பிலிமில் இருந்து ஏற்றியிருந்தால் அதில் இந்த வேக வித்தியாசம் வராது. ஆனால் சாதாரண பிஏஎல் டெக்கில் படம் உருளும், இரண்டு முறையும் ஓடுகிற டெக் தேவை.

அடுத்தது திரையின் வடிவம். தமிழில் முதல் சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரை, படம் 1973இல் வந்த ராஜ ராஜ சோழன். அதற்கு முந்தைய தமிழ்ப் படம் ஒன்று இன்றைய டிவியின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தி வந்தால், மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள் அல்லது இழுத்திருக்கிறார்கள். எழுத்து ஓடுகிற இடத்தைப் பாருங்கள், பெயர்களின் கொம்பும் சுழியும் விளிம்பில் இடிபடும். நடனக் காட்சியில் பாதம் தெரியாது. பழைய கசெட் மங்கலாக இருந்தாலும் முழுச் சதுரமும் அதில் இருக்கும், அதனால்தான் அதற்கு மதிப்பு.

நேரக் கணக்கு எத்தனை நிமிடம் குறைகிறது என்று சொல்லும், எது குறைகிறது என்று சொல்லாது. அதற்குப் பாட்டுப் புத்தகம் வேண்டும். தியேட்டர் வாசலில் விற்ற அந்த மெல்லிய புத்தகங்களில் பாட்டுகளும் கதைச்சுருக்கமும் இருக்கும், உங்கள் பிரதியில் இல்லாத பாட்டு அதில் இருந்தால் ஒரு தடயம் கிடைத்தது. படத்துக்காகப் பதிந்து, திரையில் வராமலே போன பாட்டுகளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பழைய ஈழநாடு இதழ்களின் சினிமா விளம்பரங்கள் இன்னொரு தடயம், எந்தத் தியேட்டரில் எத்தனை மணிக் காட்சி என்று பார்த்தால் படம் எவ்வளவு நேரம் ஓடியது என்று ஓரளவு பிடிக்கலாம். இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளைத் தேடலாம். வானொலியில் படத்தின் வசனங்களை ஒலிச்சித்திரமாகப் போட்ட காலத்தில் அதை ஓடியோ கசெட்டில் பிடித்து வைத்த ஆட்களும் இங்கே இருக்கிறார்கள். படத்தில் வெட்டிப்போன வசனம் அந்த ஓடியோவில் இருந்தால் அதுவும் சாட்சிதான்.

பிறகு, பார்த்தவர்களின் நினைவு. வயது போன ஆட்களிடம் கேளுங்கள், ஆனால் "அந்தக் காட்சி இருந்ததா?" என்று கேட்டால் "ஓம், இருந்தது" என்றுதான் சொல்வார்கள். "அதற்குப் பிறகு என்ன வரும்?" என்று கேளுங்கள். எங்கள் அப்பா ஒரு படத்தில் கதாநாயகி கிணற்றடியில் நின்று மாமியாரோடு கதைக்கிற ஒரு காட்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார், டிவியில் ஒருநாளும் அது வந்ததில்லை, நாங்கள் அவர் வேறு படத்தோடு குழப்புகிறார் என்று நினைத்தோம். கோண்டாவிலில் மாமி வீட்டு அலுமாரிக்கு மேல் இருந்த கசெட்டில் அந்தக் காட்சி மூன்று நிமிடத்துக்கு மேல் இருந்தது. அவர் சொன்ன வசனம் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் சரி. (படத்தின் பெயரை இங்கே போடவில்லை. உரிமை வைத்திருக்கிறவர்களோடு கதை நடந்துகொண்டிருக்கிறது.)

இன்னொரு விஷயம். யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் ஓடியதும் முழுப் படமாகத்தான் இருக்கும் என்று இல்லை. இந்தியத் தணிக்கை தாண்டி வந்த படத்துக்கு இலங்கையிலும் தணிக்கை இருந்தது. ஆகவே 'நாங்கள் பார்த்தது' வேறு, 'முதலில் வந்தது' வேறு. குறிப்பு எழுதும்போது இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

கசெட்டை டெக்கில் போடுவதற்கு முன்

நான் விட்ட பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கசெட்டின் கண்ணாடி ஜன்னலூடாகப் பார்த்தபோது நாடாச் சுற்றின் மேல் வெள்ளையாக மா தூவினமாதிரி இருந்தது. தூசி என்று நினைத்துப் போட்டேன். அது பூஞ்சணம். இரண்டு நிமிடத்தில் படம் பனிமூட்டமாகி, நாடா உருளைக்குள் சிக்கி, வெளியே எடுக்கும்போது ஒரு முழ நீளத்துக்கு மடிந்து கசங்கிப் போயிருந்தது. அந்த இடத்தில் இருந்த பாட்டு இனி இல்லை. அந்த வித்து, நாடாவை வாசிக்கிற டெக்கின் தலையில் ஒட்டி, அடுத்து போடுகிற கசெட்டுக்கும் பரவும் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம், மாரியில் பூட்டின அறைக்குள் பூஞ்சணம் பிடிக்காத கசெட்தான் அதிசயம். ஆகவே வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, இரண்டு சுற்றையும் வடிவாகப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ நார்மாதிரியோ தெரிந்தால் அதைப் போடாதீர்கள், வெறும் கையால் துடைக்கவும் வேண்டாம். காற்றுப் புகாத பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு தனியாக வைத்துவிடுங்கள். ஈரம் போனால் பூஞ்சணம் வளர்வது நிற்கும், துப்புரவாக்குவதை அந்த வேலை தெரிந்த ஆட்களிடம் விடலாம், அது வரை பொறுப்பதில் நட்டமில்லை.

கசெட் நல்லாக இருந்தால், முதுகுப் பக்கத்து மூலையில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் தகட்டை ஒரு ஸ்குரூ டிரைவரால் உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு தவறுதலாக ரெக்கோர்ட் அமத்தினாலும் மேலே பதியாது. இதற்கு ஐந்து விநாடி போதும், தயவுசெய்து செய்யுங்கள், ஒரு கலியாண வீட்டுப் பதிவுக்கு அடியில் போய் மறைந்த படங்கள் எத்தனையோ. பிறகு ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றி, நாடா இளகினபின் போடுங்கள். போடுவதற்கு முன் டெக்கின் தலையையும் பாருங்கள். 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த ஷாமோய்த் தோல் துண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் தலை உடைந்துவிடும். பஞ்சு வேண்டாம், அதன் நார் சிக்கும்.

டிஜிட்டலாக மாற்றுவது

இப்போது கடைகளில் கசெட்டைக் கொடுத்தால் ஒரு எம்பி4 கோப்பாகப் பென்டிரைவில் போட்டுத் தருவார்கள். வீட்டு விசேஷத்துக்கு அது போதும். அரிய படத்துக்குப் போதாது, ஏனென்றால் இடம் குறைப்பதற்காக அந்தக் கோப்பில் எறிந்த விபரம் பிறகு திரும்பி வராது. யூஎஸ்பி கப்சர் கருவி ஒன்று, எஸ்-வீடியோ வாய் உள்ள நல்ல டெக் ஒன்று, பழைய கணினி ஒன்று இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். வேர்ச்சுவல்டப் மென்பொருளில் 720க்கு 576 அளவில், ஹஃப்யூவ் அல்லது எஃப்எஃப்வி1 மாதிரி ஒன்றையும் இழக்காத முறையில் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 ஜிபி எடுக்கும், பயப்பட வேண்டாம். அசையும் இடங்களில் சீப்புப் பல்லுமாதிரிக் கோடு தெரிந்தால் அது பழுது இல்லை, கசெட்டின் இயல்பு அது, பதியும்போது அதை நீக்காதீர்கள். படம் ஆடினால் டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் டைம்பேஸ் கரெக்டர் ஒன்று வைத்தால் நிமிர்ந்து நிற்கும், விலை கூட, இரவல் கிடைத்தால் வாங்கிப் பாவியுங்கள். படம் பதிந்து முடியும் வரை பக்கத்தில் இருந்து பாருங்கள், நடுவில் கரண்ட் போனாலும் நாடா சிக்கினாலும் உடனே தெரிய வேண்டும்.

ஒரே படத்தின் இரண்டு கசெட் கிடைத்தால் இரண்டையும் பதியுங்கள். ஒரு இ-180 கசெட்டில் சாதாரண வேகத்தில் மூன்று மணி நேரம்தான் பிடிக்கும், வாடகைக் கடைகள் சில இரண்டு படத்தை ஒன்றில் அடைப்பதற்காக வேகத்தைப் பாதியாக்கின, அல்லது பாட்டைத் தூக்கின. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் போட்டுப் பார்த்த கசெட்டுகள் எல்லாம் எத்தனை கை மாறினவை. ஒன்றில் முதல் பாதி தேய்ந்திருக்கும், மற்றதில் கடைசி. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு படம்.

பதிந்த மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். கோடுகளை அழிப்பது, நிறத்தை ஏற்றுவது, ஏஐ போட்டு 4கே ஆக்குவது எல்லாவற்றையும் வேறொரு கோப்பில் செய்து பாருங்கள். ஏஐ இல்லாத கண்ணிமையை வரையும், முகப்பருத் தழும்பை அழிக்கும், புடவைக் கரையைத் தன்பாட்டில் மாற்றும். நாங்கள் குறைபட்டதே மற்றவர்கள் படத்தை மாற்றிவிட்டார்கள் என்றுதானே. படத்துக்கு நடுவில் ஓடுகிற வீடியோக் கடை விளம்பர எழுத்தைக்கூட மூலக் கோப்பில் விட்டுவிடுங்கள், அந்தப் பிரதி லண்டனில் இருந்து வந்ததா சிங்கப்பூரில் இருந்து வந்ததா என்று நாளைக்குத் தேடுகிறவருக்கு அதுதான் வழிகாட்டும்.

றீல் கிடைத்தால்

மூடின தியேட்டர்களில் வேலை செய்த ஐயாமாரின் வீடுகளில் இடைக்கிடை தகரப் பெட்டியோடு றீல் இருக்கும். கிடைத்தால் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், சுருங்கிய பிலிமின் ஓரத் துளைகள் பல்லில் மாட்டிக் கிழிந்துவிடும். மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். வினாகிரி மணம் அடித்தால் பிலிமின் அடித்தளமான அசிற்றேற்று உடையத் தொடங்கிவிட்டது, அந்தப் பெட்டியை மற்றப் பெட்டிகளிடம் இருந்து விலக்கி வைக்க வேண்டும், அந்த ஆவி அடுத்ததையும் கெடுக்கும். படம் முழுக்க ரோஸ் நிறமாகத் தெரிந்தால் மற்றச் சாயங்கள் மங்கிவிட்டன, ஆனால் ஸ்கேன் பண்ணினால் ஓரளவு மீட்கலாம், ஆகவே எறியாதீர்கள். ஓரத்தில் ஆங்கிலத்தில் சேஃப்டி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல், ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு முந்திய பிலிமாக இருந்தால் நைத்திரேற்றாக இருக்கலாம். அது தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். வீட்டுக்குள் வைக்காமல் உடனே விபரம் தெரிந்தவரிடம் சொல்லுங்கள்.

கசெட்டை நிமிர்த்தி வைக்க வேண்டும், றீலைப் படுக்கையாக வைக்க வேண்டும். இரண்டையும் தகரக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டாம், நிலத்திலும் வேண்டாம். வீட்டில் மிகக் குளிர்ச்சியான உள் அறையில், சுவரில் முட்டாமல் ஒரு தட்டில் வைத்தால் போதும். ஸ்கேன் செய்வது எங்கள் கையில் இல்லை, அந்த வேலைக்குச் சென்னையில் பிரசாத் மாதிரி இடங்கள் இருக்கின்றன, செலவும் அதிகம். எங்கள் வேலை அது வரைக்கும் பிலிமைப் பழுதாகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

கோப்பு கையில் வந்த பிறகு

மூன்று பிரதி எடுங்கள், இரண்டு விதமான டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து கணினி கணக்கிட்டுத் தருகிற எண்) எடுத்து எழுதி வையுங்கள், அடுத்த வருடம் திரும்ப எடுத்துப் பார்த்து எண் மாறியிருந்தால் கோப்பு பழுதாகிவிட்டது என்று அர்த்தம்.

முழுப் படத்தையும் யூடியூபில் ஏற்றாதீர்கள். படத்துக்கு உரிமையாளர் இருக்கிறார், அவரைப் பகைத்தால் மீட்பு நடக்காது. அதைவிட, தயாரிப்பாளர் குடும்பத்துக்கோ உரிமை வாங்கின நிறுவனத்துக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். "பழைய படத்தை வெளியிடுங்கள்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. சான்றிதழில் இத்தனை மீற்றர், உங்கள் டிவிடியில் இத்தனை நிமிடம், குறைவது இந்த இந்தக் காட்சி, அது என்னிடம் இன்ன தரத்தில் இருக்கிறது, தேவையென்றால் தருகிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பழைய படம் ஓடுமா என்று கேட்டால் கர்ணனைச் சொல்லுங்கள். 1964இல் வந்த படத்தை 2012இல் டிஜிட்டலில் மீட்டு வெளியிட்டபோது தியேட்டர்கள் நிறைந்தன. இலங்கைப் படம் என்றால், அதோடு பாட்டுப் புத்தகம், கைப்பிரதி, நோட்டீஸ் என்றால், நூலகம் நிறுவனத்தாரோடு கதையுங்கள். பல்லூடகங்களுக்கு ஆவணகம் என்று ஒரு தளம் வைத்திருக்கிறார்கள், எதை எப்படிச் சேர்க்கலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

கடைசியாக, கசெட்டின் உறைக்குள் ஒரு காகிதம் வையுங்கள். யார் வீட்டில் இருந்து வந்தது, எந்த வருடம் எங்கே வாங்கியது, எந்த டெக்கில் எந்தத் திகதி பதிந்தது, எந்த நிமிடத்தில் நாடா கசங்கியிருக்கிறது. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறும். மாமி வீட்டுக் கசெட்டுக்கு நான் எழுதிய காகிதத்தின் அடியில் அப்பா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார், முதல் தடவை அந்தப் படத்தை எந்தத் தியேட்டரில், யாரோடு, எந்த வகுப்பில் இருந்து பார்த்தார் என்று. பூஞ்சணம் பிடித்த மற்றக் கசெட் இன்னும் சிலிக்கா ஜெல்லோடு பெட்டிக்குள் இருக்கிறது. சுத்தப்படுத்தத் தெரிந்த ஒருவர் தையில் கொழும்பில் இருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.